கேட்டால் மட்டும் அழுத்துங்கள்

ஸஜ்தாவில் இருக்கும்போது கண் உதவாது. இமாமின் தக்பீர் காதில் விழுந்தால்தான் தலையை உயர்த்த முடியும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், ஃபஜ்ர் தொழுகையின் நடுவே எங்கள் மஹல்லா பள்ளிவாசலில் மின்சாரம் நின்றுபோயிற்று. ஒலிபெருக்கி ஓய்ந்துவிடவே, ஹஜ்ரத் தம் குரலைக் கொண்டே தொழுகையை நடத்தியிருக்கிறார். ஸஃப் முழுவதும் எழுந்து இருப்பில் அமர்ந்த பின்னரும் எங்கள் வாப்பா மட்டும் ஸஜ்தாவிலேயே இருந்திருக்கிறார். மயங்கிவிட்டாரோ என்று அஞ்சிய பக்கத்து வீட்டு மாமா, ஸலாம் கொடுத்ததும் அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தாராம்.

இது எங்களுக்குத் தெரிய இரண்டு மாதங்களாயின. நாங்கள் கண்டதெல்லாம், ஐந்து வக்தும் ஜமாஅத்தோடு தொழுத மனிதர் திடீரென்று வீட்டிலேயே தொழத் தொடங்கியதைத்தான். ஜும்ஆவுக்கும் பயான் முடியும் நேரம் பார்த்துத்தான் கிளம்பினார். பிள்ளைகள் நாங்கள் மூவர். இரண்டு பெண்கள், கடைசியில் ஒரு தம்பி. மூவரும் ஆளுக்கு ஒரு முறை அவரிடம் கோபித்துக்கொண்டோம். வயதான காலத்தில் ஏன் இந்தச் சோம்பல் என்று கேட்டவர்களும் நாங்களே. அவர் பதில் சொல்லவில்லை. கேள்வியே அவருக்கு முழுமையாகக் கேட்டிருக்காது என்பதை இப்போது அறிவோம்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. உம்மா பாக்கு கேட்டால் சாக்கை எடுத்து வந்து நீட்டுவார், வீடே சிரிக்கும். பேரப்பிள்ளைகள் பேசினால் தலையை மட்டும் அசைப்பார். காதைப் பரிசோதிக்கலாம் என்றால், "பாங்கு கேட்கிறது. அடுத்த தெருப் பாங்கும் கேட்கிறது. எனக்கு என்ன குறை?" என்பார். இந்த வாதத்துக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. பாங்கு கேட்கிறவருக்கு எப்படிக் காது மந்தம் இருக்க முடியும்? பக்கத்து வீட்டு மாமா நடந்ததைச் சொன்ன பிறகுதான், விடுமுறையில் வந்திருந்த தம்பியையும் சேர்த்துக்கொண்டு, வற்புறுத்தி அவரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கு பொருத்திய சிறு கருவியால் முதலில் காதின் உள்ளே பார்த்தார். வலக் காதில் குறும்பி கல்லாக இறுகிக் கிடந்தது. நான்கு நாள் சொட்டு மருந்து விட்டு, அதை எடுத்த பிறகே சோதனை என்றார். குறும்பி அடைத்திருக்கும்போது எடுக்கும் அளவு அடைப்பின் அளவாகுமே தவிர, காதின் அளவாகாது. சோதனைக்கு முந்தைய நாள் முதல் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, பட்டாசு போன்ற பேரிரைச்சல் பக்கம் போக வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். இரைச்சல் பட்ட காது சில மணி நேரம் களைத்துப்போய்க் குறைவாகவே கேட்குமாம். பட்ஸ் குச்சியைக் காதுக்குள் விடும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிடச் சொன்னார். குச்சி அழுக்கை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம்.

குறித்த நாளில் சோதனை செய்தவர் ஓர் இளம்பெண், ஆடியாலஜிஸ்ட். ஒலி புகாத சிறிய அறை. ஒரு பக்கம் கண்ணாடி. வாப்பாவை உள்ளே அமர்த்தி, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். சத்தம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கேட்டது போலத் தோன்றினாலும் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. கதவை மூடினார். 1000 ஹெர்ட்ஸ் என்னும் நடுத்தர ஒலியில் தொடங்கி, கேட்டால் 10 டெசிபல் குறைப்பதும், கேட்காவிட்டால் 5 டெசிபல் கூட்டுவதுமாக ஏறி இறங்கி, பாதித் தடவையாவது கேட்கிற ஆகக் குறைந்த அளவைப் பிடிப்பார்கள். அதே முறையில் 250 ஹெர்ட்ஸ் என்னும் தடித்த ஒலியிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சொலி வரை, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக.

சிறிது நேரத்தில் ஆடியாலஜிஸ்ட்டின் முகம் சுருங்கியது. அவர் ஒலியே அனுப்பாத நேரத்திலும் வாப்பா பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். பிறகுதான் கவனித்தோம்: அவருடைய கண் ஆடியாலஜிஸ்ட்டின் கையின்மேல் இருந்தது. கை அசைந்தால் அழுத்துகிறார். போதாக்குறைக்கு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்கள் தம்பி, விளக்கு எரியும்போதெல்லாம் தன்னை அறியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவர் சோதனையை நிறுத்தினார். எங்களை நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினார். வாப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து நிதானமாகப் பேசினார். "ஐயா, இது பரீட்சை இல்லை. பாஸும் கிடையாது, பெயிலும் கிடையாது. கேட்டால் மட்டும் அழுத்துங்கள். கேட்காததற்கும் அழுத்தினால், உங்கள் காதை விட்டுவிட்டு வேறு யாருடைய காதையோ நான் வரைந்து கொடுத்துவிடுவேன்." வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "செவிடு என்று எழுதிவிடுவீர்களோ என்றுதான் மா" என்றார். அறுபத்தெட்டு வயது மனிதரின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு முன்னால், பாக்கையும் சாக்கையும் சொல்லிச் சிரித்த நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுபடி தொடங்கிய சோதனையில் நீண்ட நேரம் பொத்தான் அழுந்தவே இல்லை. அந்த அமைதியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதாக இருக்கவில்லை.

அடுத்து, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மேல் சிறு அதிர்வுக் கருவி ஒன்றை வைத்தார். ஹெட்போன் ஒலி வெளிக்காது, செவிப்பறை, நடுக்காது என்று எல்லா வாசலையும் கடந்து உள்காதை அடைகிறது. எலும்பின் வழியே அனுப்பும் ஒலி நேரே உள்காதுக்குப் போய்விடுகிறது. எலும்பு வழி நன்றாகக் கேட்டு, ஹெட்போனில் குறைவாகக் கேட்டால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது என்று பொருள். அதற்குப் பெரும்பாலும் மருந்தோ அறுவை சிகிச்சையோ உண்டு. இரண்டும் ஒன்றாகவே குறைந்திருந்தால் குறை உள்காதில். இந்தச் சோதனையின்போது, மற்றக் காது இடையில் புகுந்து உதவாமலிருக்க அதில் ஓர் இரைச்சலை ஓட விடுகிறார்கள். "இடக் காதில் மழை பெய்கிறது" என்று வாப்பா முறையிட்டார். அது வழக்கமானதுதான். பின்னர், காதை ஒரு சிறு முனையால் அடைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி, செவிப்பறையின் அசைவைப் பார்த்தார்கள். சில நொடி வேலை. விமானம் தரையிறங்கும்போது காது அடைப்பது போலத்தான் என்று வாப்பாவே எங்களுக்கு விளக்கினார்.

எங்கள் கேள்விக்கு விடை கொடுத்தது சொல் சோதனைதான். நன்றாகக் கேட்கும் அளவில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகச் சொல்ல, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உதட்டசைவு தெரியாதபடி வாயை மறைத்துக்கொண்டார் அவர். கடை என்றார், வாப்பா படை என்றார். தட்டு என்றதற்குக் கட்டு. சொற்களின் ஓசை முழுவதும் கேட்கிறது; முதலெழுத்து மட்டும் நழுவுகிறது. நம் உயிரெழுத்துகளின் பலமெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. க, ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசை உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. நீட்டி முழங்கும் பாங்கு, அதுவும் ஒலிபெருக்கி வழியே வருவது, கேட்காமல் போகாது. மின்விசிறிகளின் இரைச்சலுக்கும் சுவர்களின் எதிரொலிக்கும் நடுவே வேகமாகப் போகிற பயான் புரியாமல் போகும். குழந்தைகளின் மெல்லிய குரலும் அப்படித்தான். அவருக்குப் பாங்கு கேட்டது உண்மை; பயான் புரியாததும் உண்மை.

ஆடியோகிராம் என்னும் அந்தத் தாளைப் படிப்பது கடினமன்று. சிவப்பு வட்டம் வலக் காது, நீலப் பெருக்கல் குறி இடக் காது. இடமிருந்து வலமாகத் தடித்த ஒலியிலிருந்து கீச்சொலி. மேலிருந்து கீழே டெசிபல். குறி கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைகிறது. அதில் காணும் பூஜ்யம் நிசப்தத்தைக் குறிக்காது. நல்ல காதுள்ள இளைஞர்களுக்குச் சராசரியாகக் கேட்கும் ஆகக் குறைந்த ஒலி அது. வாப்பாவின் வலக் காது 500 ஹெர்ட்ஸில் 25, 1000-இல் 30, 2000-இல் 50, 4000-இல் 70 டெசிபல். நான்கின் சராசரி ஏறத்தாழ 44. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வகைப்பாட்டில் 20-க்குக் கீழ் இயல்பு. 35 முதல் 50-க்குள் நடுத்தரக் குறைபாடு. எத்தனை சதவீதம் போய்விட்டது என்று நாங்கள் கேட்டோம். எல்லாரும் கேட்பார்கள் போலும். டெசிபலைச் சதவீதமாக எண்ணக் கூடாது என்றார். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் வரும் சதவீதம் தனிக் கணக்கு.

எலும்பு வழிக் குறிகளும் ஹெட்போன் குறிகளும் ஒன்றாகவே இறங்கியிருந்தன. குறை உள்காதில். ஆனால் அவர் பேனாவை 4000-இன்மேல் வைத்து நிறுத்தினார். கோடு அங்கே பள்ளமாக விழுந்து, 8000-இல் 60-க்குச் சற்றே ஏறியிருந்தது. முதுமையால் மட்டும் குறைகிற காதென்றால் கோடு பெரும்பாலும் கடைசிவரை சரிந்துகொண்டே போகுமாம். "ஐயா என்ன வேலை பார்த்தார்கள்?"

22 ஆண்டுகள். 1981 முதல் 2003 வரை தம்மாமில், ஒரு நிறுவனத்தின் ஜெனரேட்டர் அறையில். காதுக்கு எதுவும் கொடுக்கவில்லையா என்றார். "பஞ்சு வைத்துக்கொள்வோம்" என்றார் வாப்பா. அத்தகைய இரைச்சலுக்குப் பஞ்சு போதாது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

அந்நாளில் அவர் கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவார். உம்மாவைச் சுற்றி அமர்ந்து கேட்போம். ஒவ்வொரு நாடாவிலும் அவருடைய குரலுக்குப் பின்னால் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். டேப் ரிக்கார்டர் பழுது என்று நினைத்தோம். அவர் சத்தமாகப் பேசியதைத் தூரத்தின் காரணமாக எடுத்துக்கொண்டோம். எங்கள் பள்ளிக் கட்டணமும் அக்காவின் கல்யாணமும் இந்த வீட்டின் மாடியும் அந்த உறுமலிலிருந்து வந்தவை.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வீட்டிலும் அந்தத் தவறு உண்டு. தட்டைத் தட்டினால் குழந்தை திரும்புகிறது, ஆகவே காது கேட்கிறது என்று நாமே தீர்ப்பளித்துவிடுகிறோம். பொத்தான் அழுத்தத் தெரியாத பச்சிளங்குழந்தைக்கும் சோதனை இருக்கிறது. நலமான உள்காது, ஒலி கேட்டதும் தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. டேவிட் கெம்ப் என்பவர் 1978-இல் கண்டறிந்தது இது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து அதை அளந்துவிடலாம், வலி கிடையாது. அதில் ஐயம் வந்தால் பெரா என்னும் சோதனை உண்டு. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பெரியவர்களில் யாருக்கேனும் ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போனால், சளியாக இருக்கும் என்று காத்திருக்கலாகாது; அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வாப்பாவுக்கு இரு காதுகளுக்கும் கருவி பொருத்தினோம். முதல் வாரம் செய்தித்தாளின் சரசரப்பும் பாத்திரங்களின் சத்தமும் அவரைப் பாடாய்ப் படுத்தின. ஒளூவுக்கு முன் கழற்றி, காதைத் துடைத்து உலர்ந்த பின் மாட்டிக்கொள்ளப் பழகிவிட்டார். தொப்பி காதை மூடினால் கருவி விசில் அடிக்கிறது. அதனால் தொப்பியைச் சற்று மேலே ஏற்றி வைக்கிறார். இப்போது ஜும்ஆவுக்கு நேரத்தோடு போய், ஹஜ்ரத்தின் முகம் தெரியும் இடத்தில் அமர்கிறார்.

அன்று ஆடியாலஜிஸ்ட் சும்மா விடவில்லை. தம்பியையும் உள்ளே உட்காரச் சொன்னார். அவன் ஜுபைலில் இரும்பு வெட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான், வயது முப்பத்தொன்பது. எல்லா ஒலியும் 15 டெசிபலுக்குள். 4000 ஹெர்ட்ஸில் மட்டும் 30. சிறிய பள்ளம்தான். வாப்பா தம் தாளை அவனுடைய தாளின் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து அவன் புறப்பட்ட இரவில், இஷாவுக்கு ஒளூ செய்துவிட்டு ஈரக் கையோடு வந்த வாப்பா, பெட்டியில் காதுக் கவசத்தை வைத்தாயா என்று கேட்டார். வைத்துவிட்டேன் வாப்பா என்றான். அவர் மறுபடியும் கேட்டார். கருவிகள் இரண்டும் அப்போது மேசைமேல் இருந்தன. தம்பி பெட்டியைத் திறந்து, எடுத்துக் காட்டினான்.