கைப்பேசியை நம்பி மண்டி நடத்தலாமா?

மார்ச் 24, 2025, திங்கட்கிழமை

ஈரோட்டு மஞ்சள் வியாபாரத்தில் தை பிறந்தது முதல் வைகாசி முடிய ஓய்வென்பது கிடையாது. புதுமஞ்சள் மூட்டைகள் வந்திறங்குவதும், வியாபாரிகள் விரலியை முறித்து உள்நிறம் பார்த்து விலை எழுதுவதும், விலை படிந்த சரக்கு லாரி ஏறுவதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நடக்கும் இந்தச் சமயத்தில்தான், மண்டியின் சகல காரியங்களையும் புதிதாக வாங்கிய ஒரு தொடுதிரைக் கைப்பேசிக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனையோடு மகன் வந்து நின்றான்.

“பேசறதுக்கு ஒண்ணு, ஓ.டி.பி. வர்றதுக்கு ஒண்ணு, கணக்குக்குக் கம்ப்யூட்டர்னு எதுக்குங்கப்பா மூணு? எல்லாமே இதுலயே ஆயிருமுங்க” என்றான்.

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. விலை விசாரிப்பது, சரக்கின் படத்தை வடக்கே உள்ள வியாபாரிக்கு அனுப்புவது, வரவு பார்ப்பது, இ-வே பில் போடுவது ஆகிய அனைத்தும் உள்ளங்கையிலேயே முடிந்துவிடும் என்றால் அந்தச் சௌகரியத்தை வேண்டாம் என்பவன் விவேகி ஆகமாட்டான். ஆனால் அந்தியூரிலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ மஞ்சளைக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விவசாயியிடம், ‘போன் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்லும் உரிமை மண்டிக்காரனுக்குக் கிடையாது. இந்த ஒரு நிபந்தனையை உரைகல்லாக வைத்துக்கொண்டு, கருவியைச் சிறிது காலம் பரீட்சித்துப் பார்த்தபின் முடிவு செய்வோம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 26, புதன்கிழமை

மேஜைமீது வைத்துப் பார்ப்பது பரீட்சை ஆகாது என்று கருதி, கைப்பேசியை எடை போடும் இடத்துக்கே கொண்டுபோகச் சொன்னேன். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மின்கடத்திப் படலம் இருக்கிறது. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்னும் பொருளால் ஆனது. விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் சிறிது மாறுகிறது. அந்த மாறுதலை அளந்துதான் எந்த இடம் தொடப்பட்டது என்பதைக் கருவி அறிகிறது. வேர்வையும் நீரும் மின்சாரத்தைக் கடத்துவன ஆகையால் ஒரு துளி விழுந்தாலும் அதையும் விரலென்று மயங்கக்கூடும். காய்ந்து தடித்துப்போன தோலோ விரலாகவே அதற்குத் தோன்றாமலும் போகலாம்.

இரண்டும் இன்று பிரத்தியட்சமாக நடந்தன. மூட்டை தூக்கியும் சாக்குத் தைத்தும் ரேகை தேய்ந்துபோன எங்கள் மேஸ்திரி, கட்டைவிரலைத் திரும்பத் திரும்ப வைத்தும் பூட்டுத் திறக்கவில்லை. “ஏனுங்க, நம்ம கையி இதுக்கு ஆகாதாட்ட இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பின்பு இரகசிய எண்ணைத் தட்டித் திறந்து, 64 கிலோ என்று அவர் பதிந்த மூட்டை, நெற்றியிலிருந்து ஒரு துளி வேர்வை திரையில் சொட்டிய மாத்திரத்தில் 644 ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற விவசாயி அதைக் கண்டு சிரித்தார். 64 என்பது 54 ஆகியிருந்தால் சிரித்திருக்கமாட்டார்.

தூசியைப் பற்றிய குறை எனக்கு இல்லை. ஐ.பி.68 என்று குறிக்கப்படும் தரத்தில் 6 என்ற இலக்கம் தூசி உட்புகாது என்பதையும், 8 என்பது நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதையும் உணர்த்துகிறது. ஆனால் அது புதிய கருவியைச் சுத்தமான நீரில் சோதித்துச் சொன்ன தரம். கீழே விழுந்து மூலை நசுங்கிய கருவிக்கு அந்த உத்தரவாதம் செல்லாது. ஆகவே கிடங்கில் எடை முதலில் சீட்டில் பென்சிலால் எழுதப்படவேண்டும் என்றும், கைப்பேசியில் அதை உள்ளே மேஜையில் ஏற்றி, ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்கவேண்டும் என்றும் இன்றே சொல்லிவிட்டேன்.

மார்ச் 27, வியாழக்கிழமை

நேற்று மாலை நாடெங்கும் யு.பி.ஐ. பரிவர்த்தனை தடைப்பட்டது பற்றியே இன்று கடைவீதியில் பேச்சு. 2016-இல் ஆரம்பமான இந்த ஏற்பாடு டீக்கடை முதல் நகைக்கடை வரையில் நம் ஜனங்களின் பழக்கத்தையே மாற்றியமைத்துவிட்ட மகத்தான சாதனை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் நேற்று எந்தக் கைப்பேசியிலும் ஒரு பழுதும் இல்லாதிருந்தும் பணம் நகரவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோயிற்றே, அன்றும் கருவிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கையில் உள்ள கருவியின் பின்னால் கோபுரம், வங்கி, கணிப்பொறி நிலையம் என்று ஒரு நீண்ட சங்கிலி இருப்பதையும், அதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வாடிக்கையாளர் எதிரில் தலைகுனிந்து நிற்பவன் வியாபாரியே என்பதையும் நான் மறக்கலாகாது.

மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை

ஓய்வு நாளாகையால் இக்கருவியின் பூர்வோத்தரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தொடுதிரை கொண்ட கைப்பேசி பிறந்ததே வியாபாரிகளுக்காகத்தான் என்று அறிந்து வியப்படைந்தேன். ஐ.பி.எம். நிறுவனம் செய்து 1994-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘சைமன்’ என்பது ஃபேக்ஸ் அனுப்பவும், மின்னஞ்சல் பார்க்கவும், நாட்குறிப்பு வைத்துக்கொள்ளவும் வல்லதாய் இருந்தது. ஆனால் பேசத் தொடங்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதன் பேட்டரி தீர்ந்துவிடும். எண்ணம் உன்னதமானது, பேட்டரிதான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

2007 ஜூன் 29 அன்று ஐபோன் வெளிவந்தபோது, பிளாக்பெர்ரியின் பொத்தான்களுக்குப் பழகியிருந்த உத்தியோக உலகம் அதை எளிதில் ஏற்கவில்லை. அலுவலக மின்னஞ்சல் ஏற்பாடுகளோடு அதை முறையாக இணைக்கும் வசதியும், தொலைந்துபோன கருவியில் உள்ளதை எல்லாம் தூரத்திலிருந்தே அழித்துவிடும் வசதியும் 2008 ஜூலையில்தான் அதற்குக் கிடைத்தன. அதாவது, உலகம் கண்டு மயங்கிய அந்தக் கருவிக்கும் வியாபார யோக்கியதை வந்து சேர ஒரு வருஷம் பிடித்தது.

2016 ஆகஸ்டு மாதத்தில் வெளியான கேலக்ஸி நோட் 7-இன் கதை இன்னும் கடுமையானது. பேட்டரிகள் தீப்பற்றியதால் செப்டம்பர் ஆரம்பத்திலேயே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது; மாற்றிக் கொடுத்தவற்றிலும் அதே ஆபத்து நேரவே, அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. பேரும் புகழும் பெற்ற ஸ்தாபனத்தின் தயாரிப்பானாலும், சந்தைக்கு வந்து சில மாதங்கள் பல்லாயிரம் பேர் கையில் புழங்கிய பின்னரே அதன் குணம் தெரியவரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. புதிய மாடலை வெளியான வாரத்திலேயே வாங்கி மண்டிக்குக் கொண்டுவருவதில்லை என்று நிச்சயித்துவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை

புதிய நிதியாண்டின் முதல் நாள். இ-வே பில் போடுவதற்குக் கடவுச்சொல்லோடு ஓ.டி.பி.யும் வேண்டும் என்ற விதி பெரிய வியாபாரிகளில் தொடங்கி, இன்று முதல் எஞ்சியவர்களையும் சேர்ந்தாயிற்று. களவைத் தடுக்கும் நல்ல விதிதான். ஆனால் அந்த ஓ.டி.பி. ஒரு கைப்பேசிக்கு மட்டுமே வருமானால், அந்தக் கைப்பேசி அணைந்திருக்கும் நேரத்தில் ஏற்றிய லாரியும் அசையாது நிற்கும்.

வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை இ-வே பில் இல்லாமல் அனுப்ப இயலாது. பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி மாறினால் புதிய வண்டியின் எண்ணைப் பதியவேண்டும். காலாவதி ஆகுமானால் அதற்கு முன்பின் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கவேண்டும். தவறினால் வரியைப்போல் இருமடங்கு அபராதம் செலுத்த நேரும். நள்ளிரவில் எங்கோ தக்காணப் பீடபூமியின் நடுவில் அச்சு முறிந்த லாரியிலிருந்து டிரைவர் அழைக்கும்போது, இங்கே ஒருவர் கையில் உயிருள்ள கைப்பேசி இருந்தாகவேண்டும் என்பதே இதன் தாத்பரியம்.

பரிகாரத்தையும் அரசாங்கமே வைத்திருக்கிறது. துணைப் பயனாளரைச் சேர்த்தால் அவருடைய எண்ணுக்கே தனி ஓ.டி.பி. வருகிறது, என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு என்ற செயலியோ சிக்னல் இல்லாத இடத்திலும் ஓ.டி.பி.யைத் தானே உண்டாக்கித் தருகிறது. கணக்குப்பிள்ளையைத் துணைப் பயனாளராக இன்று மத்தியானமே சேர்த்துவிட்டோம்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை

வெயில் தாங்கமுடியவில்லை. கைப்பேசிகள் இயங்க ஏற்ற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று பெரிய நிறுவனங்கள் தம் குறிப்புகளில் சொல்கின்றன. சித்திரை பிறக்கும் முன்பே ஈரோட்டில் நிழலிலேயே அந்த எல்லை கடந்துவிடுகிறது. களத்து வெயிலில் காயப்போட்ட மஞ்சளைப் படம் எடுக்கப்போன மகன் திரும்பியபோது, திரை தானாக மங்கி, வெப்பம் தணியும் வரையில் மின்னேற்றமும் நின்றிருந்தது. கருவி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் காரியம் அது, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வேளையில் வியாபாரத்துக்கு அது உதவாது.

லித்தியம் பேட்டரிக்கு வெப்பமே பெரிய சத்துரு. பல மாடல்களில் ஏறத்தாழ 500 முறை முழுமையாக ஏற்றி இறக்கியபின் 80 சதவீதக் கொள்ளளவு எஞ்சும்படியும், அண்மைக் காலத்துச் சில மாடல்களில் 1,000 முறைக்குப் பின் அவ்வாறு எஞ்சும்படியும் வடிவமைக்கிறார்கள். தினந்தோறும் ஏற்றும் வியாபாரிக்கு இது ஒன்றரை வருஷத்துக் கணக்கு அல்லது மூன்று வருஷத்துக் கணக்கு. பேட்டரியைச் சாக்குத் தைக்கும் ஊசியைப்போலத் தேயும் பொருளாகவே கணக்கில் எழுதி, காலம் வந்ததும் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 9, புதன்கிழமை

கருவி தொலைந்தால் என்ன செய்வது என்பதைக் கணக்குப்பிள்ளையோடும் மகனோடும் உட்கார்ந்து பேசினேன். வங்கி, வரி, வாடிக்கையாளர் விலாசம் எல்லாவற்றுக்கும் வழி ஒரு சிம் கார்டில் இருக்கிறது. நம் பெயரில் வேறொருவன் மாற்றுச் சிம் வாங்கிப் பணத்தை எடுத்துவிடும் மோசடி நடப்பதனால்தான், சிம் மாற்றியபின் ஏழு நாட்கள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்ற விதி 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. *#06# என்று தட்டினால் தோன்றும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் செய்தேன். சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துத் திருட்டுப்போன கருவியை முடக்கலாம். பணமே போய்விட்டால் அழைக்கவேண்டிய 1930 என்ற எண்ணும் அதே பக்கத்தில் இருக்கிறது.

எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கேட்கவேண்டும். 2023-இல் வந்த பிக்சல் 8 முதலும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24 முதலும் ஏழு வருஷம் என்று வாக்களிக்கப்படுகிறது. மலிவான பல மாடல்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் வங்கிக் காரியம் பார்ப்பது பூட்டில்லாத பெட்டியில் பணம் வைப்பதற்குச் சமானம்.

ஏப்ரல் 12, சனிக்கிழமை

இன்று முற்பகலில் மறுபடியும் நாடெங்கும் யு.பி.ஐ. தடை. ஏலம் இல்லாத நாளாயினும், முந்தின வாரத்துப் பாக்கிக்காக வந்திருந்த விவசாயி ஒருவர் காத்திருக்க நேர்ந்தது. பெரிய தொகைகளை நாங்கள் காசோலையும் படிவமும் கொடுத்து வங்கியிலேயே ஆர்.டி.ஜி.எஸ். செய்வதால் அவை கைப்பேசியை எதிர்பார்ப்பதில்லை. சில்லறைப் பாக்கிக்குத்தான் வழி அடைந்தது. பெட்டியில் வைத்திருந்த ரொக்கத்திலிருந்து கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். “பணம் கெடச்சாப் போதுமுங்க, எதுல வந்தா என்னங்க” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

ஏப்ரல் 14, திங்கட்கிழமை

விசுவாவசு வருஷம் பிறந்துவிட்டது. பூஜை முடிந்தபின் மகனிடம் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். இக்காலத்துத் தொடுதிரைக் கைப்பேசி, தேர்ந்தெடுத்து வாங்கினால், வியாபாரத்துக்குப் போதிய நம்பகம் உடையதே. முன்பு பேரேடு, பெட்டி, முத்திரை, தொலைபேசி என்று தனித்தனியாக இருந்தவற்றை எல்லாம் அந்த ஒன்றிலேயே குவிப்பதில்தான் அபாயம் இருக்கிறது. பேரேடு நனைந்த நாளில் தொலைபேசி ஒலித்தது. தொலைபேசி அறுந்த நாளில் பெட்டி திறந்தது. அந்தப் பிரிவினையை நம் முன்னோர் பாதுகாப்புக்கென்று திட்டமிடவில்லை என்றாலும், அதன் பலனை அனுபவித்தார்கள்; நாமோ அதைத் திட்டமிட்டே உண்டாக்கிக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

ஆகவே கைப்பேசி மண்டிக்கு வருகிறது. அதோடு வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட இரண்டாவது கைப்பேசியும், எடைச்சீட்டும், பெட்டியில் ஒரு நாள் பாக்கிக்குப் போதிய ரொக்கமும், மாலைதோறும் கணக்கின் ஒரு பிரதியை வேறிடத்தில் சேமிக்கும் பழக்கமும் வருகின்றன. “இத்தனை வேணுமுங்களாப்பா?” என்றான் மகன். விவாதம் வேண்டாம், நடத்திப் பார்த்தே தெரிந்துகொள்வோம் என்று சொல்லி, அடுத்த வாரத்தில் ஓர் ஏல நாளைக் குறித்திருக்கிறேன்: அன்று காலை அந்தப் புதிய கைப்பேசியை அணைத்து அலமாரியில் பூட்டிவிடுவது; மாலையில் கடைசி லாரி பில்லோடு புறப்பட்டு, கடைசி விவசாயி பணத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தால், மறுநாள் முதல் அதைத் தாராளமாக நம்புவது.