கொத்தனாரும் கையாளும்

ஜூலை 7, 2025, திங்கள்

புதுப் பயல்கள் வந்து இறங்கிவிட்டார்கள். தங்கிப் படிக்கும் மூன்று மாதக் கொத்துவேலைப் பயிற்சி. நெல்லை, தூத்துக்குடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஒன்பதோடும் பத்தோடும் படிப்பை நிறுத்தியவர்கள். சிலர் மேல் அடிதடி வழக்கு நடக்கிறது. ஒருவன் கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவன். பையை இறக்கும்போதே யார் எந்த ஊர் என்று ஒருவரையொருவர் அளந்துகொண்டார்கள். எங்கள் பக்கம் ஊரைக் கேட்டாலே பாதிச் சேதி தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா?' என்று ஒரு கட்டம். கூர்நோக்கு இல்லத்துப் பையன் அந்த இடத்தில் பேனாவை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தான். சிறுவயதில் பட்ட வழக்கு பின்னாளில் எந்தத் தகுதிக்கும் தடையாகக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. "அதை விட்டுட்டு அடுத்ததை எழுதுடே" என்றேன். அந்தக் கட்டத்தையே எடுத்துவிடச் சொல்லி அலுவலகத்தில் பேச வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

கைக்கயிறுகளைக் கழற்றச் சொன்னேன். எந்த நிறம் எந்தச் சாதிக்காரருடையது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் இந்தக் கயிறுகள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நான் அதையெல்லாம் பேசவில்லை. கலவை மெஷினில் கயிறு மாட்டினால் கையும் சேர்ந்து போகும். சிமெண்டுத் தண்ணீர் ஊறிய கயிற்றுக்கு அடியில் தோல் வெந்துவிடும். இவ்வளவுதான் சொன்னேன். முனகிக்கொண்டே கழற்றினார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோது பாதிப் பேர் கையில் மறுபடியும் கயிறு.

ஜூலை 10, வியாழன்

இன்று ஒன்பது அங்குலச் சுவரின் மூலை. ஒரு வரி நெட்டாக, அடுத்த வரி குறுக்காக. மூலைக்கல்லை ஒட்டி, நெடுக்காகப் பாதியாக வெட்டிய குயின் குளோசர் கல்லை வைத்தால்தான் மேலும் கீழும் இணைப்பு நேர்க்கோட்டில் விழாது. பயிற்சிச் சுவருக்கு நாங்கள் சிமெண்டு போடுவதில்லை. சுண்ணாம்பும் மணலும்தான். சாயங்காலம் பிரித்து, கல்லைச் சுத்தம் செய்து அடுக்கிவிட வேண்டும்.

நான் விடாமல் வைத்திருக்கும் முறை ஒன்று உண்டு. இரண்டிரண்டு பேராகப் பிரிப்பேன். இன்று கொத்தனார், நாளை கையாள். ஜோடியை நான்தான் சேர்ப்பேன். ஒரே பக்கத்து ஊர்க்காரர்களை ஒன்றாகப் போட மாட்டேன். களக்காட்டுப் பக்கத்துப் பையனும் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்துப் பையனும் ஒரு ஜோடி. நேற்று களக்காட்டான் கல் வைத்தான், மற்றவன் சாந்து சுமந்தான். இன்று முறை மாறியது. சட்டியைத் தொடாமல் களக்காட்டான் நின்றுவிட்டான்.

"நான் அவனுக்குச் சாந்து சுமக்கணுமா அண்ணாச்சி?"

"நேத்து உனக்கு அவன் சுமந்தாம்லா?"

பதில் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தான் நூலைக் கட்டிவிட்டு, கரண்டியைச் சுவர் மேல் வைத்துவிட்டு, நனைந்த கல்லைக் கையில் பிடித்தபடி இருந்தான். கல்லிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக வடிந்தது. மற்ற ஜோடிகள் நான்காம் வரிக்குப் போய்விட்டார்கள். நான் தூக்குக்குண்டைப் பிடித்துப் பக்கத்துச் சுவரைப் பார்க்கப் போனேன். திரும்பியபோது களக்காட்டான் சட்டியைக் கொண்டுவந்து பொத்தென்று வைத்திருந்தான். மற்றவன் கரண்டியால் கிளறிப் பார்த்தான். "தண்ணி கூடிப்போச்சு. கொஞ்சம் மணல் போடு" என்றான். களக்காட்டான் போய் மணல் அள்ளிவந்து போட்டான்.

நான்கு நாளில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. சாந்தைப் பற்றிய பேச்சாக இருந்ததில்தான் எனக்குச் சந்தோஷம். சுவர் தூக்குக்கு நிற்க வேண்டுமானால் இதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

வெளியே சைட்டில் கையாள் என்றால் வருஷக்கணக்கில் கையாள்தான். சித்தாள் பெண்களை நினைத்தால் மனசு ஆறாது. முப்பது வருஷம் கல் சுமந்த அக்காமார் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒருவரும் கரண்டி கொடுத்ததில்லை. அவர்களுக்கும் இப்படி ஒரு பயிற்சி வேண்டும்.

ஜூலை 12, சனி

மணி பத்தரை. அறையில் சத்தம். அரிவாளோடு நிற்கும் ரீல்ஸை ஒருவன் சத்தமாக வைத்திருக்கிறான். அடுத்த கட்டிலில் இருந்தவன் எழுந்துவிட்டான். போனை வாங்கி வைத்துவிட்டு, அங்கேயே பாயைப் போட்டுப் படுத்தேன்.

பயிற்சி என்றால் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்று கணக்கெழுதுகிறார்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ராத்திரி பத்து வரைதான் இந்தப் பயல்களுக்கு ஆபத்தான நேரம். தெருமுக்கில் கூட்டம் சேர்வதும், பைக்கில் ஏற்றிக்கொண்டு போவதும் அப்போதுதான். தங்கும் விடுதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த நான்கு மணி நேரத்தைத்தான் காட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு விடுதியில் ஆள் போடப் பணம் ஒதுக்குவதில்லை. ஒரு வாட்ச்மேனோடு சரி.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு பேருக்கு வாய்தா. போகாவிட்டால் பிடிவாரண்ட், போனால் இங்கே ஆப்சென்ட். வருகை குறைந்தால் சான்றிதழ் இல்லை. கோர்ட்டுக்குப் போன நாளை வருகையாகக் கணக்கில் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி பிறந்ததிலிருந்து கோயில் கொடைக்குப் போகணும், கொடைக்குப் போகணும் என்று ஒரே நச்சரிப்பு. மேலே உள்ளவர்கள் லீவே கொடுக்காதீர்கள் என்கிறார்கள். கொடை நடக்கும்போதுதான் சண்டை மூளும் என்பது உண்மை. அதற்காகக் குலசாமி கும்பிடாதே என்று சொல்ல முடியுமா? அம்மாவோ அப்பாவோ வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகட்டும் என்றேன். களக்காட்டானின் அம்மா பீடி சுற்றுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்ததாகச் சொன்னார். விரலில் புகையிலை வாசம்.

ஜூலை 29, செவ்வாய்

கொடைக்குப் போனவர்களில் களக்காட்டான் மட்டும் திரும்பி வரவில்லை. மூன்று நாள் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. சண்டை ஏதும் இருக்குமோ என்று பதறிப்போய்க் கிளம்பினேன். ஸ்ரீவைகுண்டத்தான் "நானும் வாறேன் அண்ணாச்சி" என்று பைக்கில் ஏறிக்கொண்டான். அந்தத் தெருவுக்குள் அவன் வருவது சரிப்படாது. மெயின் ரோட்டு டீக்கடையில் இருக்கச் சொன்னேன்.

சண்டையெல்லாம் இல்லை. வாழைத்தார் லோடு ஏற்றப் போயிருக்கிறான். ஒரு நாளைக்கு அறுநூறு ரூபாய். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை நிற்கிறது, அம்மாவின் பீடிக் காசு பத்தாது. "அங்க இருந்தா சோறு கிடைக்கு, வீட்டுக்கு ஒண்ணும் கிடைக்கலையே" என்றான். எனக்கு அதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. பயிற்சியை விட்டுப் போனவர்களில் ரௌடித்தனத்துக்குத் திரும்பியவர்கள் கொஞ்சம். வீட்டுக் கடனுக்காகப் போனவர்களே அதிகம்.

ரோட்டுக்கு வந்தான். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். நாளை மறுநாள் வளைவு கட்டும் பாடம், அதற்கு ஜோடி வேண்டும் என்று ஸ்ரீவைகுண்டத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். வருவதாகவோ வரமாட்டேன் என்றோ இவன் சொல்லவில்லை.

ராத்திரி உட்கார்ந்து கடிதம் எழுதினேன். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலநிதியாக வசூலாகிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. நாளைக்குச் சுவர் கட்டப்போகிறவர்களும் இந்தப் பயல்கள்தானே? அதிலிருந்து பயிற்சிக் காலத்துக்கு வாராவாரம் உதவித்தொகை கொடுங்கள், பாதிக் கூலியாவது கொடுங்கள், அதையும் சனிக்கிழமை வீட்டுக்கே அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நான் அடிக்கவில்லை. காலையில் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, வாழை மண்டிக்காரரையும் பார்க்க வேண்டும். லோடு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏற்ற விடுவாரா என்று கேட்கணும்.