ஆற்றங்கரையில் முளைத்த சிறகு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னி மாநகருக்கு வடக்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால், கிளாரன்ஸ் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது கிராப்டன் என்னும் ஊர். அக்டோபர் இறுதியில் அதன் வீதிகள் ஊதா நிறம் பூணுகின்றன. ஜக்கரண்டா மரங்கள் சொரியும் மலர்களால் நடைபாதைகள் கம்பளமாகின்றன. இம்மலர்களுக்கென 1935இல் தொடங்கிய விழா இன்றும் அங்கே கொண்டாடப்படுகிறது.

மலர்களைக் கண்டு மகிழ்ந்த பின், நாம் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கின்றோம். எதிரே சூசன் தீவு. மாலை மங்கியதும் அங்கு வாழும் பழந்தின்னி வௌவால்கள் தோற்சிறகை விரித்துக் கூட்டங் கூட்டமாய் வெளியேறுகின்றன. மனிதனும் இதே நீரின் மேல் ஒருநாள் சிறகு விரித்தான் என்பதே நம்மை இங்கு ஈர்த்த செய்தி.

எஞ்சின் ஏதுமின்றி, முக்கோணச் சிறகின்கீழ்த் தன்னைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, குன்றின் விளிம்பிலிருந்து காற்றில் மிதந்து செல்வோரைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அக்கருவியின் பெயர் ஹாங் கிளைடர். அதன் வரலாற்றை நூல்பிடித்துச் சென்றால், ஓர் இழை இவ்வூரின் நீர்ச்சறுக்குக் கழகத்திற்கே வந்து சேருகிறது.

1963ஆம் ஆண்டு, ஜக்கரண்டா விழாவில் காட்டுவதற்காக ஒரு பட்டம் செய்து தருமாறு கழகத்தார் தம் உறுப்பினர் ஜான் டிக்கன்சனைக் கேட்டனர். அவர் மின்னணுவியல் தொழில்நுட்பர். படகு இழுக்க, மனிதனைச் சுமந்து எழும் தட்டைப் பட்டங்கள் அந்நாளில் வழக்கில் இருந்தன. ஆயினும் அவை எளிதில் நிலைகுலைந்து கவிழக்கூடியவை. வேறு வழி தேடிய டிக்கன்சன், பிரான்சிஸ் ரொகாலோ என்னும் அமெரிக்கப் பொறியாளரின் மடங்கு சிறகைப் படத்தில் கண்டார். ரொகாலோவும் அவர்தம் துணைவியார் கெர்ட்ரூடும் 1948இல் உருவாக்கிய சிறகு அது. வீட்டுத் திரைச்சீலையை வெட்டி அம்மையார் தைத்ததே அதன் முதல் வடிவம்!

டிக்கன்சன் தம் சிறகுக்கு, வாழைத்தார்களை மூடப் பயன்படும் பிளாஸ்டிக் தாளை எடுத்துக்கொண்டார். அதனினும் சிறந்தது அவர் சேர்த்த முக்கோணப் பிடிச்சட்டம். ஊஞ்சலில் அமர்ந்தவர்போல் தொங்கும் மனிதன், சட்டத்தைப் பற்றித் தன் உடலை இடமோ வலமோ நகர்த்தினால் சிறகும் அப்பக்கம் திரும்பும். மகளை ஊஞ்சலாட்டியபோது பிறந்த எண்ணம் அது என்பர். 1963 செப்டம்பரில், கழக நண்பர் ராட் புல்லர் படகின் பின்னே அச்சிறகோடு எழுந்து பறந்தார்.

பின்னர் நடந்தது என்ன? பில் மாயஸ், பில் பென்னட் என்னும் இரு ஆஸ்திரேலியர் இக்கலையை உலகறியச் செய்தனர். 1969 ஜூலை 4ஆம் நாள் பென்னட் நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையருகே பறந்து காட்டினார். உலகெங்கும் 'ரொகாலோ சிறகு' என்ற பெயர் பரவிற்று. பிடிச்சட்டம் தந்தவரின் பெயரோ பின்னுக்குப் போயிற்று.

ரொகாலோவின் புகழை நாம் குறைக்கவில்லை. கலிபோர்னியாவில் பாரி பால்மர் என்பவர் 1961இலேயே அத்தகைய சிறகுடன் தரையினின்று ஓடிப் பறந்ததும் உண்மை. ஒருவர் சிறகை அளித்தார்; ஒருவர் ஓடிப் பறந்தார்; ஒருவர் அதனை ஆளும் வகை கண்டார்; வேறு சிலர் உலகுக்குச் சுமந்து சென்றனர். இவர்களுள் ஒருவரை மறந்தாலும் வரலாறு ஊனமுறும்.

அம்மறதி நீங்க நெடுங்காலம் ஆயிற்று. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு 2006இல் டிக்கன்சனுக்குச் சான்றிதழ் வழங்கியது. 2012இல் தன் தங்கப் பதக்கத்தையும் அளித்தது. அச்சிறகு பறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது! ஆயினும், 1963இல் எடுத்த புகைப்படங்களில் சிறகும் சட்டமும் அதில் தொங்கும் மனிதரும் இன்றும் தெளிவாய்த் தெரிகின்றனர்.

நம் ஊர்களிலும் எத்தனை வாசகசாலைகள், நாடக மன்றங்கள், விளையாட்டுக் கழகங்கள்! அவற்றின் பழைய படங்கள் நம் பெட்டிகளில் உறங்குகின்றன. பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே, படத்தில் நிற்பவர் யாவர் எனக் கேட்டு, அதன் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்போமாக.