அவர் ஏற்ற வேடங்களும் பிறர் பெற்ற விருதுகளும்

கலைஞர்கள் மறையும்போது இரங்கற் குறிப்பு எழுதுவது எங்கள் தொழிலில் அன்றாடக் கடமை. திரைப்பட நடிகர் என்றால் கவலையில்லை. படங்களின் பெயர்களைச் சொன்னால் போதும், மிகுதியை வாசகரே நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். மேடைக் கலைஞரின் நிலை வேறு. அவரது ஆற்றலை முழுமையாக அறிந்தவர்கள் அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் மட்டுமே. 2024 ஜனவரி 30ஆம் திகதி நியூயோர்க்கில் தமது 91ஆவது வயதில் காலமான சீற்றா ரிவேராவைப் பற்றி எழுத முற்படுகையில் இந்த இடர்ப்பாட்டையே உணர்கிறேன்.

1933இல் வொஷிங்டனில் பிறந்தவர் அவர். தந்தை புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்; அமெரிக்கக் கடற்படையின் வாத்தியக் குழுவில் வாசித்தவர். மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே அவர் மறைந்துவிட்டார். வீட்டுத் தளபாடங்களின்மீது தாவிக் குதித்து மேசையொன்றை உடைத்த சிறுமியைத் தாயார் பலே நடனப் பள்ளியில் சேர்த்துவிட்டார். பின்னர் நடனமேதை ஜோர்ஜ் பாலன்சீனின் பள்ளியில் புலமைப்பரிசிலும் கிடைத்தது.

1957இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ புறோட்வேயில் அரங்கேறியபோது, புவேர்ட்டோ ரிக்கோப் பெண்ணான அனீற்றாவாகத் தோன்றினார் ரிவேரா. கதாநாயகி மரியாவும் புவேர்ட்டோ ரிக்கோப் பெண்ணே. அவ்வேடத்தில் நடித்தவரோ இத்தாலிய வழிவந்தவர். லத்தீன் அமெரிக்கரின் கதையையும் பிறரே நடிப்பது அக்கால வழமை. அத்தகைய மேடையில் ரிவேரா தமது நீண்ட பெயரைச் சுருக்கினாரே தவிர, அதன் ஸ்பானிய அடையாளத்தை மறைக்கவில்லை.

ஆனால் ஹொலிவூட் அவரை அழைக்கவில்லை. 1961இல் வந்த திரைப்படத்தில் அனீற்றாவாக நடித்த ரீற்றா மொறேனோ ஒஸ்கார் பெற்றார். 2021இல் வந்த மறுபதிப்பில் அதே வேடத்திற்காக அரியானா டிபோஸும் ஒஸ்கார் பெற்றார். ‘சிக்காகோ’ நாடகத்தில் 1975இல் ரிவேரா முதன்முதலில் உருவாக்கிய வெல்மா வேடம், 2002ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கத்தரின் ஸீற்றா ஜோன்ஸுக்கு ஒஸ்காரைப் பெற்றுக்கொடுத்தது. ஒருவர் உயிர்கொடுத்த இரு பாத்திரங்கள். மற்றவர்களின் கைகளில் மூன்று ஒஸ்கார்கள்!

இதனால் அவரைத் துர்ப்பாக்கியசாலி என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. 1984இல் ‘த ரிங்க்’ நாடகத்திற்காக ரோனி விருதைப் பெற்றவர், 1986இல் வாகன விபத்தில் சிக்கினார். இடதுகாலில் பன்னிரண்டு இடங்களில் முறிவு. ஐம்பத்துமூன்று வயதான நடனக் கலைஞரின் கதை இத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். அவரோ மீண்டும் ஆடினார். 1993இல், அறுபது வயதில், ‘கிஸ் ஒஃப் த ஸ்பைடர் வுமன்’ நாடகத்திற்காக இரண்டாவது ரோனி விருதையும் வென்றார். 2015இல், எண்பத்திரண்டு வயதில், ‘த விசிட்’ நாடகத்திற்காகப் பத்தாவது முறையாகப் பரிந்துரைக்கப்பட்டார்.

2002இல் கென்னடி நிலையக் கௌரவத்தைப் பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்ணும் அவரே. 2009இல் ஜனாதிபதி ஒபாமா சுதந்திரப் பதக்கம் அணிவித்தார்.

2002ஆம் ஆண்டுச் ‘சிக்காகோ’ திரைப்படத்தில் ரிவேராவும் சில கணங்கள் தோன்றுகிறார். தாம் படைத்த வேடத்தை வேறொருத்தி ஏற்றிருக்கும் படத்தில், சிறிதொரு பாத்திரமாக வந்துபோக அவர் தயங்கவில்லை. தமது இடம் எதுவென்று ஐயமற அறிந்தவருக்கே அது இயலும்.