பதினெட்டா? பதினாறா?



போன சனிக்கிழமை பாடசாலை ஸ்டோர் ரூமை ஒதுக்கினோம். உடைந்த மேசைகளுக்கும் பழைய வினாத்தாள் கட்டுகளுக்கும் அடியில் ஒரு கறுப்புக் கெமராப் பை கையில் பட்டது. திறந்து பார்த்ததும் எங்களில் மூன்று பேர் சிரித்துவிட்டோம். கணக்கு சேர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்டைக்கு நான் சொன்னதக் கேட்டிருந்தா..." என்று தொடங்கினார். இத்தனை வருடம் கழித்தும் அதே வசனம்!

அந்தக் கெமராவின் கதை இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கும் பாதிதான் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2010ஆம் ஆண்டு. கட்டாரிலும் சவூதியிலும் கொழும்பிலும் இருந்த எங்கள் பழைய மாணவர்கள் காசு சேர்த்து அனுப்பினார்கள். "பாடசாலைக்கு நல்ல கெமரா ஒன்று வாங்குங்கள்" என்பதுதான் அவர்கள் சொன்னது. வாங்குவதற்கு நான்கு பேரைக் கொண்ட ஒரு குழு. கணக்கு சேர், ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த காக்கா, வங்கியில் வேலை செய்த தம்பி, நான்காவது ஆள் இந்தப் பதிவை எழுதுகிறவர். கெமரா விசயத்தில் நான்கு பேருக்கும் பைத்தியம் என்றே சொல்லலாம்.

எங்கள் கெட்ட காலமோ நல்ல காலமோ, அந்த வருடம் ஆகஸ்ட் 26ஆம் திகதி கெனன் கம்பனி 60டி என்ற கெமராவை அறிவித்தது. மூன்று கிழமை கூட ஆகவில்லை. செப்டெம்பர் 15இல் நிக்கோன் கம்பனி டி7000ஐ அறிவித்தது. அவ்வளவுதான், குழு இரண்டாகப் பிளந்தது.

ஒவ்வொரு நாளும் இஷா தொழுதுவிட்டுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கூடுவோம். காக்கா கெனன் பக்கம். கணக்கு சேரும் வங்கித் தம்பியும் நிக்கோன் பக்கம். நான்காவது ஆள் யார் கடைசியாகக் கதைத்தாரோ அவர் பக்கம்.

"கெனன் 18 மெகாபிக்சல். நிக்கோன் 16.2. முடிஞ்சி" என்பார் காக்கா.

"என்னத்த முடிஞ்சி? கெனன் படம் அகலத்துல 5184 புள்ளி. நிக்கோன் 4928. வித்தியாசம் வெறும் 5 வீதம். நல்ல தரத்துல பிரிண்ட் அடிச்சா ஒரு அங்குலமும் கூட வராது" என்று கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டுவார் சேர்.

பிறகு அடுத்த சுற்று. நிக்கோனில் குவியப் புள்ளிகள் 39, கெனனில் 9. "ஒம்பதும் குறுக்கு வகை, தெரியுமா? உங்கட முப்பத்தொம்பதுல ஒம்பதுதான் அப்படி" என்று காக்கா திருப்பி அடிப்பார். நிக்கோன் செக்கனுக்கு 6 படம், கெனன் 5.3. நிக்கோனின் பார்வைக் கண்ணாடியில் படம் முழுசாகத் தெரியும், கெனனில் 96 வீதம்தான். கெனனின் திரையைக் கதவு போலத் திறந்து எந்தப் பக்கமும் திருப்பலாம், நிக்கோனில் அது அசையாது. வீடியோவில் கெனன் முழு எச்டியில் செக்கனுக்கு 24, 25, 30 சட்டங்கள் தரும், நிக்கோன் 24 மட்டும். நிக்கோனில் மெமரி கார்ட் போட இரண்டு இடம், கெனனில் ஒன்று. நிக்கோனின் மேலுடம்பும் பின்னுடம்பும் மக்னீசியம் கலந்த உலோகம். கெனனோ முந்திய 50டியில் உலோகத்தைக் கொடுத்துவிட்டு 60டியில் பிளாஸ்டிக்குக்கு இறங்கியிருந்தது. இந்த இடம் வரும்போது மட்டும் காக்கா தேத்தண்ணியை உறிஞ்சத் தொடங்கிவிடுவார்.

அமெரிக்காவில் அறிவித்த விலை, லென்ஸ் இல்லாமல், கெனன் 1,099 டொலர். நிக்கோன் 1,199 டொலர் 95 சதம். இந்த நூறு டொலருக்கு மட்டும் ஒரு கிழமை சண்டை பிடித்திருப்போம்.

ஒக்டோபர் போனது. நவம்பர் போனது. ஆசிரியர் தின விழாவும் பரிசளிப்பு விழாவும் முடிந்தன. காசு வங்கியில் இருந்தது, கெமரா இல்லை. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணமே வெள்ளத்தில் மிதந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெப்ரவரியில் மறுபடியும் வெள்ளம். வயல்கள் அழிந்தன, பாடசாலைகள் அகதி முகாம்களாகின. அப்போதும் எங்கள் தீர்மானம் வரவில்லை. "நல்லதா ஒண்டு எடுக்கணும், அவசரப்படக் கூடாது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பெப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். கடற்கரைப் பக்கம் வீடு. இப்போதைய வீடு இல்லை, சுனாமிக்கு முந்திய வீடு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அந்தத் தாய் இழந்தவர்களில் ஏழாம் வகுப்பில் படித்த மகளும் ஒருவர்.

"சேர், புதுக் கெமரா ஒண்டு எடுக்கப் போறயளாம் எண்டு கேள்விப்பட்டன். என்ட புள்ளட பழைய படம் எங்கயாச்சும் இரிந்தா, அந்தக் கெமராவால தெளிவாக்கித் தர ஏலுமா?"

வீட்டோடு அல்பங்களும் போய்விட்டன. உறவினர் வீடுகளும் அதே தெருவில்தான். பிறப்புச் சான்றிதழின் பிரதியை மறுபடியும் எடுக்க முடிந்தது. பிள்ளையின் முகத்துக்குப் பிரதி எடுக்க அவருக்கு ஒரு இடமும் இருக்கவில்லை.

புதுக் கெமராவால் பழைய படத்தைத் தெளிவாக்க முடியாது என்று எப்படிச் சொல்வது? "தேடிப் பார்க்கிறோம் உம்மா" என்று மட்டும் சொன்னோம்.

தேடினோம். கணக்கு சேரிடம் அந்தக் காலத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் கெமரா இருந்தது. 3.2 மெகாபிக்சல். 2004 இல்ல விளையாட்டுப் போட்டியை அவர்தான் படம் எடுத்தார். அவருடைய வீடு வயல் பக்கம் என்பதால் அந்தப் படங்கள் இருந்த சீடி தப்பியிருந்தது. நான்கு பேரும் கணினி முன்னால் இருந்து பார்த்தோம்.

மொத்தம் 41 படங்கள். அதில் 23 படங்கள் பிரதம அதிதியுடையவை. அதிதி வருகிறார், மாலை போடப்படுகிறது, கொடி ஏற்றுகிறார், உரை நிகழ்த்துகிறார், சிற்றுண்டி சாப்பிடுகிறார். மிச்சத்தில் கூடாரங்கள், கிண்ணங்கள், நாங்கள். அந்தப் பிள்ளை இருந்த படம் ஒன்றே ஒன்று. அணிநடைக்கு நின்ற 60 பெண் பிள்ளைகள், மூன்று வரிசை. இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஆறாவது.

பெரிதாக்கினோம். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

அன்று கணக்கு சேர் கடைசித் தடவையாகக் கொப்பியை எடுத்தார். படத்தின் அகலம் 2048 புள்ளி. வரிசைக்கு 20 பிள்ளைகள். ஒருவருக்கு ஏறத்தாழ 100 புள்ளி. அதில் முகத்துக்குக் கிடைப்பது 40.

"இதே இடத்துல நிண்டு டி7000ஆல எடுத்திருந்தா?" என்று காக்கா மெதுவாகக் கேட்டார்.

"96."

"60டியால?"

"101."

யாரும் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் ஐந்து மாதமாகச் சண்டை பிடித்தது ஐந்து புள்ளிகளுக்கு.

சேர் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தப் பழைய 3.2 கெமராவையே வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் போய், நான்கு நான்கு பிள்ளைகளாக நிறுத்தி எடுத்திருந்தால்? ஒருவருக்கு 512 புள்ளி. முகத்துக்கு 200. பேனையை மூடி வைத்துவிட்டு, "நாலு எட்டு முன்னால போயிருக்கணும்" என்றார். படம் எடுத்தவர் அவர்தானே. அவரை நாங்கள் என்ன சொல்ல முடியும்? அன்று அதிதியை எடு, அதிதியை எடு என்று அவரை இழுத்துக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள்தான்.

காக்கா இரண்டு இரவு அந்தப் படத்தோடு இருந்தார். பெரிதாக்கினால் முகம் போய்விடுகிறது. கடைசியில் அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் நின்ற இரண்டு கூட்டாளிகளையும் சேர்த்துச் சின்னதாக அச்சடித்துக் கொடுத்தோம். எங்கள் கண்ணுக்கு அதில் முகம் சரியாகத் தெரியவில்லை. அந்தத் தாய் பார்த்த உடனே, "இஞ்ச பாருங்க, தலைய ஒரு பக்கம் சாய்ச்சித்தான் நிப்பா" என்றார். படத்தைச் சுவரில் மாட்டவில்லை. பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்த தகரப் பேணிக்குள் வைத்து மூடினார்.

சில நாட்களில் மார்ச் 11 வந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரத்திலேயே ஜப்பானில் சுனாமி என்ற செய்தி பரவிவிட்டது. இரவு தேத்தண்ணிக் கடைத் தொலைக்காட்சியில் வீடுகள் மிதந்து போவதைப் பார்த்தோம். செண்டாய் நிக்கோன் தொழிற்சாலை நிலநடுக்கத்தில் சேதமாகி வேலை நின்றுவிட்டது என்று பிறகு அறிந்தோம். அந்த இரவு கடையில் யாரும் கெமராவைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முந்திய எங்கள் கரையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் முடிவதற்குள் கெமரா வாங்கிவிட்டோம். கெனன் 60டி. அது சிறந்தது என்பதால் இல்லை. காக்காவின் ஸ்டூடியோவில் கெனனுக்குப் பொருந்தும் லென்ஸ்கள் இருந்தன, இரவல் தர அவர் சம்மதித்தார். ஒரு கெமராவை வாங்குகிறவர் உண்மையில் அதன் லென்ஸ் பூட்டும் வாயையே வாங்குகிறார். கெனன் லென்ஸ் நிக்கோனில் பூட்டாது. நிக்கோனுடையது கெனனில் பூட்டாது. கையில் என்ன லென்ஸ் இருக்கிறது என்று பார்த்திருந்தால் முதல் கிழமையே முடிந்திருக்க வேண்டிய விசயம் இது. மிச்சக் காசில் விலை குறைந்த 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் இரண்டு ஹாட் டிஸ்க்குகளும் எடுத்தோம். 60டியின் சிறிய சென்சரில் அந்த 50, 80 மில்லிமீற்றர் போல வேலை செய்யும். தனி ஆளின் முகம் எடுக்கப் பொருத்தமானது.

கணக்கு சேர் ஒரு நிபந்தனை போட்டார். "நிக்கோன்ல ரெண்டு கார்ட் போடலாம் எண்டு சொன்னன், நீங்க கேக்கல்ல. சரி. ஆனா எடுக்கிற ஒவ்வொரு படமும் ரெண்டு இடத்துல இரிக்கணும்." ஆகவே ஒரு டிஸ்க் அதிபரின் அலுமாரியில். மற்றது வயல் பக்கத்து வீடொன்றில், கடலை விட்டுத் தள்ளி.

அந்த வருடத்திலிருந்து ஒரு வழக்கம். வருடத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு பிள்ளையும் தனியாக, ஆறடி தூரத்தில். அச்சடித்த படம் ஒன்று வீட்டுக்கு. ஒன்று பாடசாலை அல்பத்துக்கு. பெண் பிள்ளைகளின் படம் பெற்றோரின் கையைத் தவிர வேறெங்கும் போகாது, அல்பம் பூட்டில் இருக்கும். படம் எடுப்பதை விரும்பாத பெற்றோரை வற்புறுத்துவதில்லை. கொரோனா காலத்தில் மட்டும் நின்றது.

அதே 2011 ஒக்டோபரில் தாய்லாந்தில் பெரு வெள்ளம். டி7000 செய்த அயூத்தியா தொழிற்சாலை தண்ணீரில் மூழ்கியது. முந்திய வருடம் என்றால் காக்கா என்னென்ன சொல்லியிருப்பார்! அன்று, "பாவம், வேலை செய்யிற சனம்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்த இரண்டு கெமராக்களையும் பழைய சாமான் கடையில்தான் தேட வேண்டும். 2018இல் இரண்டு கம்பனிகளும் சில கிழமை இடைவெளியில், உள்ளே கண்ணாடி இல்லாத பெரிய சென்சர் கெமராக்களை இறக்கின. அதற்குப் பிறகு கண்ணாடி வைத்த கெமராவின் காலம் மெல்ல முடிந்தது. இப்போது எங்கள் பிள்ளைகள் எந்தத் தொலைபேசி நல்லது என்று சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். அந்தச் சண்டையின் ருசி எங்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை அந்த 60டிக்கு பெற்றரியைச் சார்ஜ் பண்ணிப் போட்டோம். "டக்" என்றது. கணக்கு சேரைத்தான் முதலில் எடுத்தோம். நான்கு எட்டு முன்னால் போய்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2004க்கு முந்திய எங்கள் பாடசாலைப் படம் எதுவும் உங்கள் வீட்டிலோ, வெளியூர் உறவினர் வீட்டிலோ இருந்தால் கொண்டு வாருங்கள். வகுப்புப் படம், சுற்றுலாப் படம், மங்கிப் போனது, கிழிந்தது எதுவானாலும் சரி. உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து மூலப் படத்தைக் கையில் தந்துவிடுவோம். உங்களுக்கு அதில் யாரென்று தெரியாத ஒரு முகத்தை, எங்கோ ஒரு தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.

விளையாட்டுப் போட்டிக்குத் தொலைபேசியோடு வருகிறவர்களுக்கு ஒரு சொல். அதிதியை ஒரு படம் எடுத்தால் போதும்.