பங்கின் விலையும் உழைப்பின் மதிப்பும்

ஒரு பொருளின் விலையும் அதன் மதிப்பும் ஒன்றல்ல என்பது பொருளியல் பயிலும் மாணவன் முதலாண்டிலேயே கேட்கும் பாடம். அப்பாடத்தின் கனத்தை எனக்கு உணர்த்தியது பாடநூல் அன்று. பூஹூ என்னும் பிரித்தானிய இணைய ஆடை வணிகக் கம்பனியின் கதையே.

2006 இல் மன்செஸ்ரர் நகரில் மஹ்முத் கமானியும் கரோல் கேனும் தொடங்கிய கம்பனி இது. 2014 இல் இலண்டன் மாற்று முதலீட்டுச் சந்தையில் அதன் பங்கொன்று 50 பென்ஸுக்கு விற்கப்பட்டது. 2020 ஜூனில், பெருந்தொற்றினால் மக்கள் வீடுகளுக்குள் அடைபட்டிருந்த காலத்தில், அதன் சந்தை மதிப்பு 4 பில்லியன் பவுணைக் கடந்திருந்தது.

முதலீட்டாளர் அந்நாளில் இருபிரிவாக நின்று வாதாடினர். பங்கின் விலை என்பது இன்றைய இலாபத்தின் விலையன்று, நாளைய இலாபத்தைப் பற்றிய நம்பிக்கையின் விலை. வளர்ச்சி தொடருமெனில் இவ்விலை மலிவு என்றனர் ஒருசாரார். நம்பிக்கை தளரின் விலையும் சரியும் என்றனர் மறுசாரார். அம்மாதத்திலேயே, சந்தை மதிப்பு மூன்றாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு உயருமாயின் மேலாளர்களுக்கு 150 மில்லியன் பவுண் வரை வெகுமதி என்னும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. வெகுமதிக்கு அளவுகோல் பங்கின் விலை ஒன்றே.

அடுத்த மாதம் வேறொரு விலை வெளிப்பட்டது. பூஹூவுக்கான ஆடைகளைத் தைத்த லெஸ்ரர் நகரத் தொழிற்சாலையொன்றில் மணித்தியாலக் கூலி 3.50 பவுண் அளவே என்று பத்திரிகைச் செய்தி கூறியது. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியோ 8.72 பவுண். சில நாட்களில் கம்பனியின் சந்தை மதிப்பில் 1 பில்லியன் பவுணுக்கும் மேல் கரைந்தது. கம்பனியே நியமித்த வழக்கறிஞர் அலிசன் லெவிற், கம்பனி குற்றம் புரிந்தமைக்குச் சான்றில்லை எனினும் குற்றச்சாட்டுகள் பெருமளவில் உண்மையே என்று செப்ரெம்பரில் அறிக்கையிட்டார்.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கூலி குறைவாயிருந்தபோது சந்தை அசையவில்லை. அது செய்தியானபோதே அசைந்தது. தொழிலாளியின் துன்பம் சந்தையின் கணக்கில் நுழைவதற்கு "இடர்" என்னும் பெயரைப் பெறவேண்டியிருக்கிறது.

2024 பெப்ரவரியில் முடிந்த ஆண்டில் கம்பனியின் நட்டம் சுமார் 160 மில்லியன் பவுண். கையிருப்புப் போய்க் கடன் மிஞ்சியது. கடன் கொடுத்தவனுக்கு வட்டி முதலில், பங்குதாரனுக்கு எஞ்சியதே. ஆயினும் மூன்று பணிப்பாளர்க்குத் தலா 1 மில்லியன் பவுண் போனஸ் முன்மொழியப்பட்டது. பங்கின் விலையோ பழைய 50 பென்ஸுக்கும் கீழே. பங்குதாரர் எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டது.

ஆடைத் தொழிற்சாலையில் பதினோராண்டுகளாகத் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்பவர் என் சின்னம்மா. இதனை அவருக்குச் சொன்னபோது, "நட்டம் எண்டா எங்களுக்கு ஓவர்ரைம் இல்லை. அவைக்கு மட்டும் எப்பிடித் தம்பி போனஸ்?" என்றார். என்னிடம் விடையில்லை, ஒரு கணக்கு மட்டுமே இருந்தது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் 3.50 பவுணுக்கு உழைப்பவர் 1 மில்லியன் பவுண் சம்பாதிக்க ஏறத்தாழ 137 ஆண்டுகள் வேண்டும். 2020 இல் சட்டப்படியாயிருந்த 8.72 பவுண் கிடைத்தாலும் 55 ஆண்டுகள்.

பங்குதாரரை நான் முற்றாகப் பழிக்கமாட்டேன். பணிப்பாளரின் ஊதியத்தைத் தட்டிக்கேட்கும் வலிமை அவர்களிடம் உண்டு என்பதை 2024 காட்டிற்று. ஆனால் அவ்வலிமை விழித்தெழுந்தது தம் பணம் கரைந்தபோது. விலை, கடன், பணிப்பாளர் ஊதியம் என்னும் மூன்று கேள்விகளையும் அவர்கள் திறமையாகவே கேட்கின்றனர். தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்பது நான்காவது கேள்வி. அதனைக் கம்பனி இலாபமீட்டும் ஆண்டிலும் கேட்பதற்குப் பொருளியல் கற்ற நாம் பழகவேண்டும். இல்லையேல் நாம் கற்றது விலையை மட்டுமே.