பிள்ளைகளுக்கு வாசிக்கும் கதைகள்: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

பெரம்பலூர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது.  

ராத்திரி படுக்கும்போது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட மாயாஜாலக் கதைப் புத்தகம் வேண்டும், நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் போகிற நீளக் கதையாக இருக்கட்டும் என்று செந்துறையிலிருந்து போனில் கேட்டாய். பேச்சில் சொன்னால் பெயர்கள் மறந்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று சொல்கிறேன். வாசித்துக் காட்டுகிற புத்தகத்தைக் காதால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டைப் படத்தைப் பார்த்து வாங்காதே. கடையிலேயே நின்று முதல் பக்கத்தை வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்கினால் வைத்துவிடு. ஒவ்வொரு அத்தியாயமும் புத்திமதியில் போய் முடிந்தால் அதையும் வைத்துவிடு. அடுத்து என்ன ஆகும் என்று உனக்கே தெரிந்துகொள்ளத் தோன்றினால் வாங்கிக்கொள். உனக்குச் சலிக்கிற கதையை நீ எத்தனை குரல் மாற்றி வாசித்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் புத்தகத்தை உன் மாவட்டத்திலிருந்தே தொடங்கு. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு நீ போயிருக்கிறாய். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தங்கி வாழ்ந்த ஊர் அது. அவர் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’ 1822-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. ஒரே குரு, ஐந்து சீடர்கள், ஒன்றையொன்று தொட்டுப் போகும் சம்பவங்கள். நாளுக்கு ஒரு சம்பவம் என்று வாசிக்கத் தோதானது. பழைய உரைநடை பிள்ளைகளுக்குப் புரியாது. சிறுவர்களுக்கென எளிமையாக்கிய பதிப்பாகப் பார்த்து வாங்கு.

அதில் குதிரை முட்டைக் கதையை எப்படி வாசிக்கலாம் என்று சொல்கிறேன். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி, காசு கொடுத்துச் சுமந்து வருகிறார்கள். வழியில் அது புதரில் விழுந்து உடைகிறது; அங்கே பதுங்கியிருந்த முயல் வெளியே பாய்கிறது. குதிரைக்குட்டி ஓடுகிறது என்று சீடர்கள் துரத்துகிறார்கள். அந்த ஓட்டத்தில் புத்தகத்தை மூடிவிடு. மருமகன் போர்வையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருவான். மீதி நாளைக்கு என்று சொல்லிவிடு.

இந்த நிறுத்தம் நமக்குப் புதிதல்ல. 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் பல தலைமுறைப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது இப்படித்தான். கதை முடியும்போது வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விக்கிரமாதித்தன் பதில் சொல்வதற்கு முன் நீ பிள்ளைகளிடம் கேட்டுப் பார். மருமகள் சொல்லும் தீர்ப்பு ராஜாவின் தீர்ப்பைவிட நியாயமாகக்கூட இருக்கும்.

அடுத்து நாவல்கள். ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் கதை. தொடராக எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் ராத்திரிக்கென்றே வெட்டி வைத்ததுபோல நிற்கும். இடையில் வரும் அறிவியல் குறிப்புகளை வாசிப்பின்போது தாண்டிப் போ; மருமகள் பகலில் தானே படித்துக்கொள்வாள்.

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கு 2023-ல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. கீழடியையும் பழங்காலத்தையும் கற்பனையால் இணைக்கிற நாவல். இதை முடித்ததும் பிள்ளைகளைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும், பக்கத்தில் அகழாய்வு நடந்த மாளிகைமேட்டுக்கும் கூட்டிப் போ. மண்ணுக்கடியில் ஓர் ஊர் இருக்கும் என்பதைக் கண்ணால் பார்ப்பார்கள்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-ல் அதே விருதைப் பெற்றது. மரப்பாச்சி பேசும், ஆனால் அது பேசுவது தவறான தொடுதலைப் பற்றி. நீ முதலில் தனியாகப் படித்துவிடு. பிறகு மருமகளோடு மட்டும் உட்கார்ந்து வாசி. சின்னவனுக்கு இன்னும் வயதாகட்டும். அவள் நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்டால் அன்றைக்கு அத்தியாயம் முடியாவிட்டாலும் பரவாயில்லை, பேச்சுதான் முக்கியம்.

மொழிபெயர்ப்பில் ஒன்றே ஒன்று சொல்வேன்: ‘குட்டி இளவரசன்’. பிரெஞ்சிலிருந்து நேரடியாக ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் தமிழாக்கி, க்ரியா 1981-ல் வெளியிட்டது. மொத்தம் 27 அத்தியாயங்கள், எல்லாம் சின்னச் சின்னவை. மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலையில் ராத்திரி ஷிப்ட் இல்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பி. அவர் கதையில் வரும் விமானியாகவும் நீ இளவரசனாகவும் குரல் கொடுங்கள்.

கதையில் வருவதெல்லாம் பொய்தானே என்று மருமகள் ஒருநாள் கேட்பாள். அப்போது சாத்தனூர் கல்மரத்தைக் காட்டு. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்த மரம் கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்கு இன்றும் கிடக்கிறது. உங்கள் செந்துறைப் பக்கமே 2009-ல் டைனோசர் முட்டைகள் கிடைத்தன. குதிரை முட்டைக்குச் சிரித்த பிள்ளைகள் இதைக் கேட்டு வாய் பிளப்பார்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள்.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகு. பிள்ளைகளின் பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. சின்னவன் தானாக வாசிக்க அவை போதும். பெரிய நாவல்களைப் புத்தகத் திருவிழாவில் 10 சதவீதத் தள்ளுபடியில் நான் வாங்கித் தருகிறேன். தாய்மாமன் சீரில் இனி புத்தகமும் உண்டு.

மருமகள் எழுத்துக் கூட்டத் தெரிந்துகொண்டாள், இனி அவளே படிக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதே. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அம்மா வாசிக்கிற கதை வேண்டும். வீட்டு வேலை கிடக்கட்டும், டிவியை நிறுத்து, இன்று ராத்திரியே முதல் அத்தியாயத்தைத் தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்